ஏற்காட்டுப் பனியில் நனைந்த கித்தான் கூடாரத்தை மடித்துக் காப்பது எப்படி

சேர்வராயன் மலையில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் இரண்டு இரவுகள் நின்றுவிட்டுக் கீழே இறங்கும் கித்தான் கூடாரம், ஒரு சொட்டு மழை படாமலிருந்தாலும் ஈரத்தோடுதான் இறங்குகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் அந்த மாதங்களின் மூடுபனி பல நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகும் விலகாது. பருத்தி நூலோ காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. மேலாகத் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டதாக நம்பி, கூடாரத்தோடு வந்த பாலித்தீன் உறையிலேயே திணித்துப் பரணில் ஏற்றிய என்னுடைய முதல் கூடாரத்தைப் பொங்கலுக்குப் பிறகு இறக்கிப் பிரித்தபோது, கூரையின் ஒரு பாதி முழுவதும் மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள் இருந்தன. அந்தப் பாதியைப் பின்னர் வெட்டி மாற்ற வேண்டியிருந்தது. காட்டில் கிழிந்ததால் அல்ல, வீட்டுப் பரணில் நாற்பது நாள் சும்மா கிடந்ததால் கெட்ட கூடாரம் அது.

நான் இங்கே எழுதுவது, நான்கு பக்கமும் நிமிர்ந்த சுவரும் மேலே ஓட்டு வீட்டைப் போல இருசரிவுக் கூரையும் உடைய, பருத்திக் கித்தானால் தைக்கப்பட்ட பெரிய கூடாரத்தைப் பற்றி. முதுகில் தூக்கிச் செல்லும் நைலான் கூடாரத்துக்கு இவற்றில் பாதி பொருந்தாது. எங்கே அடிப்பது என்பதைப் பற்றி ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சேர்வராயன் மலையில் காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவதும் தங்குவதும் குற்றம். எனவே நாங்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களின் காப்பித் தோட்டத்தில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டுதான் கூடாரம் அடிக்கிறோம்.

கூடாரத்தின் எடையை முதலில் கணக்கிட்டுத் தெரிந்துகொள்வது, மடிப்பதற்கும் தூக்குவதற்கும் மட்டுமல்ல, காய்ந்ததா என்று அறிவதற்கும் உதவும். 12 அடி அகலம், 14 அடி நீளம், 5 அடிச் சுவர், தரையிலிருந்து 9 அடி உயரத்தில் முகடு என்ற அளவுள்ள ஒரு கூடாரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டு கூரைச் சரிவுகளும் நான்கு சுவர்களும் முகப்பு முக்கோணங்களும் சேர்ந்து சுமார் 510 சதுர அடி, அதாவது 47 சதுர மீட்டருக்குச் சற்று மேல் துணி பிடிக்கும். கடைகளில் 10 அவுன்ஸ் என்று சொல்லப்படும் கித்தான் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 340 கிராம் இருக்கும். ஆகவே துணி மட்டுமே 16 கிலோ. தையல் மடிப்புகள், கதவில் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி, சுவரின் அடியில் தரையோடு படுக்கும் விளிம்புத் துணி, நாடா, கயிறு ஆகியவற்றைச் சேர்த்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும். இரும்புக் குழாய்ச் சட்டமும் முளைகளும் தனி.

பஞ்சு உலர்ந்ததாகத் தோன்றும்போதும் உள்ளே ஈரம் வைத்திருக்கும் என்பது நூற்பாலைகளில் வேலை செய்தவர்கள் அறிந்த செய்தி. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது, பருத்தி தன் உலர்ந்த எடையில் ஏழு முதல் எட்டு விழுக்காடு வரை நீரைப் பிடித்து வைத்திருக்கும். அதாவது 20 கிலோ கித்தானில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தண்ணீர் எப்போதும் இருக்கிறது. மூடுபனி சூழ்ந்த இரவில் இந்த அளவு இரு மடங்குக்கு மேல் போகும். கையால் தொட்டு இந்த வேறுபாட்டை அறிய முடியாது. தராசு அறியும். மிளகும் காப்பியும் நிறுக்கப் பயன்படும் தொங்கு தராசு ஒன்றை வாங்கி, மாசி மாதத்து வறண்ட பிற்பகல் ஒன்றில் நன்றாகக் காய்ந்த கூடாரத்தைச் சுருட்டிக் கட்டி நிறுத்து, அந்த எடையைப் பையின் சீட்டில் எழுதி வையுங்கள். அதன்பின் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அதே பையோடு நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் கூடாரம் இன்னும் காயவில்லை என்று பொருள். நான் கையாலும் மூக்காலும் சோதிப்பதை விட்டுவிட்டு இந்த முறைக்கு மாறிய பின் எனக்குப் பூஞ்சணத் தொல்லை வந்ததில்லை.

மடிப்பது என்பது கூடாரத்தை அடிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் அடியில் கூடாரம் அடிப்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பனி விலகிய பின்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த மரங்களின் இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். உதிரும் ஈர இலைகள் கூரையில் ஒட்டிக் கிடந்தால் பழுப்புக் கறையும் படியும். காலை வெயில் முதலில் விழும் கிழக்குப் பார்த்த திறந்த மேட்டில், காற்று படும் இடத்தில் அடித்தால், புறப்படும் நாளில் இரண்டு மணி நேரம் மிச்சமாகும். இதற்காகவே, புறப்படும் நாளன்று காலையில் வேறு எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாமல், சாமான்களையெல்லாம் முதலில் வெளியே எடுத்துவிட்டு, கதவுகளையும் சன்னல் துணிகளையும் சுருட்டிக் கட்டிவிட்டு, வெறுங்கூடாரம் காற்றில் நிற்கும்படி நண்பகல் வரை விட்டுவிடுங்கள். நாம் மூச்சு விட்டதாலும் சமைத்ததாலும் உள்பக்கம் படிந்த ஈரம் அந்த நேரத்தில்தான் போகும். அடுப்பு வைத்திருந்தால் கடைசி நாள் காலையிலும் சிறு தீ மூட்டி, கதவுகள் திறந்திருக்க, கூரையின் உள்பக்கத்தைச் சூடேற்றலாம். மூடிய கூடாரத்தில் மட்டும் கரியடுப்பு எரியக் கூடாது.

காத்திருக்கும் அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. ஏற்காட்டின் செம்மண் கித்தானில் ஈரமாக இருக்கும்போது துடைத்தால் நூலுக்குள் புகுந்து நிரந்தரமான கறையாகிவிடும்; காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் தூளாக உதிர்ந்துவிடும். எனவே சுவரின் அடி விளிம்பை மேலே தூக்கிச் சட்டத்தின் மீது போட்டு, மண்ணைக் காயவிட்டுப் பிறகு தட்டுங்கள். பறவை எச்சம், மரப்பிசின் ஆகியவற்றையும் அங்கேயே கவனித்துவிடுவது நல்லது. எச்சத்தை வெறும் தண்ணீர் தொட்ட துணியால் ஒற்றி எடுக்கலாம், பிசினை நகத்தால் சுரண்டாமல் காய்ந்து இறுகும் வரை விட்டு உடைத்து எடுக்கலாம். அடுப்பின் புகைக்குழாயைத் தனியாகக் கழற்றி, கூடாரத்திலிருந்து காற்று வீசும் திசைக்கு அப்பால் கொண்டுபோய்ப் புகைக்கரியைத் தட்டிக் கொட்டி, தனிக் கோணிச் சாக்கில் கட்டுங்கள். புகைக்கரியும் ஈரமும் சேர்ந்து கித்தானில் பட்ட கறை எதற்கும் மசியாது.

இழுகயிறுகளைப் பற்றி ஒரு சொல். பருத்திக் கயிறும் சணல் கயிறும் நனைந்தால் பருத்து நீளம் குறுகும். மழை பெய்யும் இரவில் அவற்றைச் சற்றுத் தளர்த்தி விடாவிட்டால் துணியில் கயிறு மாட்டும் கண்ணிகள் பிய்ந்துவிடும், காய்ந்த பிறகு அவையே தொய்ந்து தொங்கும். நைலான் கயிற்றுக்கு இந்தக் குணம் இல்லை என்றாலும் அது வெயிலில் மெதுவாகச் சிதையும். எந்தக் கயிறானாலும், அவிழ்க்க முடியாத முடிச்சுகளுக்குள் ஈரம் நாட்கணக்கில் தங்கும் என்பதால், மடிப்பதற்கு முன் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துவிடுவது என் வழக்கம். கயிறு ஈரமாக இருந்தால் அதைக் கூடாரத்திலிருந்து கழற்றி வேறு பையில் போட வேண்டும்.

இனி மடிக்கும் முறை. இதற்கு நான்கு பேர் இருந்தால் பத்து நிமிடம். இருவர் என்றால் அரை மணி நேரமும் கொஞ்சம் மனத்தாங்கலும். முதலில், கூடாரத்தைப் பிரிக்க வேண்டிய இடத்தில் ஒரு தார்ப்பாயை விரியுங்கள். காய்ந்த கூடாரத்தை ஈரப்புல் மீது இறக்குவது, இரண்டு மணி நேரம் காத்திருந்ததைப் பாழாக்கும் செயல். முளைகளைப் பிடுங்கி, சட்டத்தைக் கழற்றி, துணியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். இப்போது ஒரு கூரைச் சரிவும் அதன் சுவரும் கீழேயும், மற்றொரு சரிவும் சுவரும் அதற்கு நேர் மேலேயும் இருக்கும். முகப்புச் சுவரும் பின்சுவரும் காகிதப் பையின் பக்க மடிப்பைப் போல நடுவே உள்வாங்கிக் கிடக்கும். நான்கு மூலைகளிலும் ஆளுக்கொருவர் நின்று இழுத்துச் சுருக்கம் நீக்கினால், சுமார் 14 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள ஒரு செவ்வகம் கிடைக்கும். ஒரு நீளப் பக்கம் முகடு. எதிர்ப் பக்கம் சுவர்களின் அடி விளிம்பு.

அடி விளிம்புத் துணியே கூடாரத்தின் அழுக்கான பகுதி என்பதால், அது கூரையின் வெளிமுகத்தைத் தொடாதபடி முதலில் அதைச் சுவரின் மேலேயே மடித்துப் போடுங்கள். மடிக்கும்போது திருப்பிப் பார்ப்பது அவசியம். எறும்பு, சிலந்தி, சில சமயம் தேள் கூட அந்த விளிம்பின் அடியில் வெதுவெதுப்புக்காக ஒதுங்கியிருக்கும், அவை சேலம் வரை நம்மோடு வர வேண்டிய அவசியமில்லை. அடுத்து, சுவர்ப் பகுதி முழுவதையும் எழுப்பிக் கூரைப் பகுதியின் மேல் போட்டால் அகலம் ஏழு அடியாகக் குறையும். இந்த மடிப்புக்குள்தான் இழுகயிறுகளை எட்டுப் போலச் சுற்றி வைக்க வேண்டும்; கூரைத் துணிகளுக்கு இடையே வைத்தால் முடிச்சுகள் அழுத்தி, நீர் புகாமலிருக்கப் பூசிய மெழுகில் தழும்பு விழும். பிறகு நீளவாக்கில் இன்னொரு முறை பாதியாக மடித்தால் அகலம் மூன்றரை அடி.

இப்போது சுருட்டலாம். பின்சுவர்ப் பக்கத்திலிருந்து தொடங்கி, கதவுப் பக்கம் நோக்கிச் சுருட்டுங்கள். உள்ளே அடைபட்ட காற்று கதவின் வழியே வெளியேறிக்கொண்டே வரும். எதிர்த்திசையில் சுருட்டினால் பாதியில் துணி பலூனைப் போல உப்பி நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் முழங்காலை ஊன்றி அழுத்தினால் போதும், ஏறி நின்று மிதிக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதற்காகச் சுருட்டும்போது இறுக்கமாகவும், வீட்டில் சேமிப்பதற்காகச் சுருட்டும்போது தளர்வாகவும் சுருட்ட வேண்டும். புகைக்குழாய் செல்லும் துளையைச் சுற்றித் தீயில் பற்றாத தடித்த துணி தைக்கப்பட்டிருக்கும். அது மடிப்பு விழுந்தால் விரிசல் விடும். ஆகவே அந்தப் பகுதியில் மடிப்புக் கோடு வராதபடி ஓரிரண்டு அங்குலம் தள்ளி மடிப்பதும், முடிந்தால் அது கடைசிச் சுற்றில் வெளிப்பக்கம் வரும்படி செய்வதும் நல்லது. ஒவ்வொரு முறையும் மடிப்புக் கோடுகளைச் சற்று மாற்றி மடிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டுப்புடவையை மாதத்துக்கொரு முறை மடிப்பு மாற்றி வைக்கும் வீடுகளில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

முளைகளும் சுத்தியலும் ஒருபோதும் கூடாரத்தின் பையில் போகக் கூடாது. கூர்முனை குத்தும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் துரு: ஈரத்தில் இரும்பு விடும் துருவானது பருத்தி நூலை மெல்ல அரித்து, சில மாதங்களில் அந்த இடத்தை விரலால் குத்தினால் ஓட்டை விழும் அளவுக்குப் பலவீனமாக்கிவிடும். முளைகளை மண் போகக் கழுவித் துடைத்து, தடித்த சாக்குப் பையில் தனியாகக் கட்டுங்கள். சட்டக் குழாய்களில் எது எங்கே பொருந்தும் என்பதைப் பெயின்டால் எண்ணிட்டு வைத்தால், அடுத்த முறை இருட்டில் தேட வேண்டியதில்லை. மூங்கில் கழிகளைப் பயன்படுத்துவோர் அவற்றை நிமிர்த்திச் சாய்க்காமல் படுக்கையாக வைத்தால் வளையாது. கழியிலிருந்து மாவு போல் உதிர்ந்தால் வண்டு துளைக்கிறது என்று பொருள், அந்தக் கழியைக் கூடாரத்தின் அருகே வைக்க வேண்டாம்.

தூக்கிச் செல்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வண்டி போகாத தோட்டத்துப் பாதையில் கடைசி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தால், சுருட்டிய கூடாரத்தை ஒரு உறுதியான கழியில் இரண்டு இடங்களில் கட்டித் தொங்கவிட்டு, இருவர் முன்னும் பின்னுமாகத் தோளில் வைத்துத் தூக்குவதே எளிது. ஒருவர் தலைச்சுமையாகத் தூக்கிச் சரிவில் இறங்குவது கால் முட்டிக்குக் கேடு. ஜீப்பின் மேல் கட்டும்போது, கேரியரின் இரும்பு விளிம்புக்கும் கூடாரத்துக்கும் இடையே பழைய சாக்கை மடித்து வையுங்கள். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சுமை இப்படியும் அப்படியும் அசையும். ஒரே இடத்தில் உரசினால் அடிவாரம் வருவதற்குள் துணி நைந்துவிடும். பயணத்தில் மழை வந்தால் தார்ப்பாயால் மூடலாம், ஆனால் வீடு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும்.

மழையிலேயே கூடாரத்தைப் பிரிக்க வேண்டிய நிலை வராமல் போகாது. சித்திரை, வைகாசிக் கோடை மழையும், ஐப்பசி அடைமழையும் யாரிடமும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அப்போது அழகாக மடிக்க முயலாதீர்கள். நனைந்த துணியைத் தளர்வாக அள்ளி, தார்ப்பாயில் மூட்டையாகக் கட்டி, நேராகச் சேலத்துக்கு இறங்கி, அன்றே பிரித்து விரித்துவிடுங்கள். வெதுவெதுப்பான காற்றில் ஈரத்துணி மூட்டையாகக் கிடந்தால் பூஞ்சணம் வேர்விட ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை போதும். அதன் உணவே பருத்தியிலுள்ள செல்லுலோஸ்தான்; கஞ்சி போட்ட துணியானால் இன்னும் எளிதாகப் பற்றும். சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. பனியும் ஈரமும் உள்ள மலையிலிருந்து, வெயில் காயும் ஊருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். இந்த வசதியைப் பயன்படுத்தாமல், அடுத்த மாதமும் வரத்தானே போகிறோம் என்று தோட்டத்துக் கிடங்கிலேயே கூடாரத்தை விட்டுவிட்டு வருவது தவறான சிக்கனம். மலையில் அடித்து, ஊரில் காயவைத்து, ஊரிலேயே சேமிப்பது என்ற ஒழுங்கை நான் யாருக்காகவும் தளர்த்துவதில்லை.

தோட்டத்தில் காப்பி உலர்த்தும் சிமென்டுக் களம் இருக்கிறதே, அங்கே விரிக்கலாமே என்று தோன்றும். அறுவடைக் காலத்தில் அதைக் கேட்கவே கேட்காதீர்கள். களம் முழுக்கக் காப்பி காய்ந்துகொண்டிருக்கும். மேலும் காப்பிக் கொட்டை பக்கத்திலுள்ள வாசனையை எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால், புகை நாற்றமடிக்கும் கூடாரத்தை எந்தத் தோட்டக்காரரும் அருகே விடமாட்டார். ஆனால் அந்தக் களத்தில் வேலை செய்கிறவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. காலையில் விரித்து, அடிக்கடி கிளறி, பனி இறங்குவதற்கு முன் குவித்து மூடி, முழுதாகக் காய்ந்தது என்று உறுதியான பிறகே மூட்டை கட்டி, மூட்டையையும் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் அடுக்கும் அவர்களுடைய முறை அப்படியே கூடாரத்துக்கும் பொருந்தும்.

சேலத்தில் காயவைக்கச் சிறந்த வழி, கூடாரத்தை மறுபடியும் நிறுத்துவதே. இடமில்லாதவர்கள் மொட்டை மாடியில் இரண்டு கயிறுகளை மூன்றடி இடைவெளியில் இழுத்துக் கட்டி, அவற்றின் மேல் முகடு நடுவே வரும்படி போடலாம். ஒரே மெல்லிய கயிற்றில் இருபது கிலோ துணியைத் தொங்கவிட்டால் அந்தக் கோட்டில் நூல் இழுபடும். தரையில் விரிப்பதானால் அடியில் கோரைப்பாயோ பழைய சாக்கோ போட்டு, மணிக்கொருமுறை புரட்டிப் போடுங்கள்; மழைக்காலத்தில் மாடித் தரையில் படியும் பச்சைப்பாசி துணியில் ஒட்டினால் போகாது. ஒரு நாள் வெயில் போதும். வெயில் நல்லது என்று வாரக்கணக்கில் விட்டுவைத்தால் கதிரே நூலை இற்றுப்போகச் செய்யும். மாலை நான்கு மணி ஆனதும் உள்ளே எடுத்து, மறுநாள் தேவைப்பட்டால் மீண்டும் விரிக்க வேண்டும். முகட்டுத் தையல், சுவரும் கூரையும் சேரும் தையல், அடி விளிம்பு, கண்ணிகளைச் சுற்றிய இரட்டைத் துணி ஆகியவை மற்ற இடங்களைவிடப் பல மணி நேரம் பிந்தித்தான் காயும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும் இடம் இன்னும் ஈரம். விரலைவிடக் கன்னம் இதை நன்றாகச் சொல்லும். அதன்பின் தராசு.

கூடாரத்தைத் துவைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடிய வரை வேண்டாம் என்பதே. வாஷிங் மெஷினும் சலவைத்தூளும் கித்தானின் நீர்காப்பு மெழுகைக் கரைத்துவிடும். பிளீச்சிங் பவுடர் மெழுகோடு நூலின் வலுவையும் சேர்த்துக் கொண்டுபோகும். பிரஷ், வெறும் தண்ணீர் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரும்புள்ளி வந்துவிட்டால், துணியை வீட்டுக்கு வெளியே வெயிலில் காயவைத்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்துவிட்டு, வெள்ளை வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு கலந்து அந்த இடத்தில் தடவி, அரை மணி நேரம் கழித்து அலசிக் காயவையுங்கள். வளர்ச்சி நிற்கும், புள்ளி பெரும்பாலும் போகாது. கல்யாணப் பந்தல்களில் தலைக்கு மேலே தொங்கும் துணியில் இந்தப் புள்ளிகளை எல்லாரும் பார்த்திருப்போம். பார்வைக்கு அசிங்கமே தவிர, துணி வலுவாக இருந்தால் பயன்படுத்தலாம். வலுவை அறிய, புள்ளியுள்ள இடத்தை இரு கைக் கட்டைவிரல்களாலும் எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். நூல் முறியும் சத்தம் கேட்டால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து வேறு கித்தான் வைத்துத் தைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுத்தம் செய்த இடத்தில் நீர்காப்பு மெழுகை மறுபடி பூச வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கிழிசல், அவிழ்ந்த தையல், பிய்ந்த கண்ணி எல்லாவற்றையும் சேமிப்பதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவை, அடுத்த பயணத்தின் முதல் நாள் இரவில்தான் நினைவுக்கு வரும். சேலத்தில் ஜீப் கூரைத்துணி, இருக்கை உறை தைப்பவர்களிடம் தடித்த ஊசி போட்ட தையல் இயந்திரம் இருக்கும். சாதாரணத் தையற்கடையில் கொடுத்தால் ஊசிதான் உடையும். ஒட்டு வைக்கும் துணி அதே கனமுள்ள கித்தானாக இருப்பதும், அதை ஒருமுறை நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிட்ட பிறகு தைப்பதும் முக்கியம். இல்லையேல் முதல் மழையில் ஒட்டு மட்டும் சுருங்கிச் சுற்றியுள்ள துணியை இழுக்கும். ஒட்டும் நாடாவைப் பருத்திக் கித்தானில் ஒட்ட வேண்டாம். கோடையில் பசை உருகிப் பரவி, அந்த இடத்தில் ஊசியும் இறங்காது.

புதிதாக வாங்கிய கூடாரமானால், மலைக்கு எடுத்துச் செல்வதற்கு முன் வீட்டில் ஒருமுறை நிறுத்தி, ஹோஸ் பைப்பால் முழுவதும் நனைத்து, முழுவதும் காயவிடுங்கள். இதை இரண்டு முறை செய்தால் நூல் பருத்துத் தையல் துளைகளை அடைத்துக்கொள்ளும். சேமிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், அப்போதுதான் முதல் உலர்ந்த எடையையும் நிறுத்துக் குறித்துக்கொள்ள முடியும்.

வைக்கும் உறை துணியாக இருக்க வேண்டும். பாலித்தீன், ரெக்சின், மூடியிறுக்கும் பிளாஸ்டிக் டிரம் எதுவும் வேண்டாம். உள்ளே தப்பித்தவறி இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே வெந்துகொண்டிருக்கும். பழைய பருத்திப் படுக்கை விரிப்பையே சுருளைவிட அரையடி அகலமாகப் பையாகத் தைத்துக்கொள்ளலாம். தளர்வாகச் சுருட்டிய கூடாரத்தை அதிலிட்டு, வாயைச் சுருக்குக் கயிற்றால் கட்டுங்கள். சிலிகா ஜெல் பொட்டலங்கள் துணிப்பையில் வீண்செலவு; காற்று புழங்கும் இடத்தில் அவை ஓரிரு நாளில் நிறைந்துவிடும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் தவறுகிறார்கள். பரண்தான் வழக்கமான இடம். ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழேயுள்ள பரணும், சமையலறைக்கு மேலுள்ள பரணும் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே கோடையில் அடிக்கும் வெப்பத்தில் மெழுகு இளகி ஒரு பக்கமாக இறங்கும். சிமென்டுத் தரை பார்வைக்கு உலர்ந்திருந்தாலும் அடியிலிருந்து ஈரத்தை இழுத்து மேலே விடும். தரையில்தான் வைத்தாக வேண்டும் என்றால் ஆறு அங்குல உயர மரப்பலகையின் மேல், சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வையுங்கள். அந்த இடைவெளி காற்றுக்கு மட்டுமல்ல, கரையான் மண்கோடு போட்டு ஏறினால் கண்ணில் படுவதற்கும். எலிக்குக் கித்தானில் விருப்பமில்லை. கூடாரத்தின் ஓரத்தில் சிந்திய பருப்புக்கும் நிலக்கடலைக்கும்தான் விருப்பம். தேடி வந்த பின் கூடு கட்டத் துணி கிடைத்தால் விடாது. ஆகவே சமையல் சாமான்களைக் கூடாரத்தோடு ஒரே மூட்டையில் கட்டாதீர்கள், அரிசி, பருப்பு வைக்கும் அறையிலும் வைக்காதீர்கள்.

அந்துருண்டையைப் பற்றி வீட்டில் எப்போதும் ஒரு விவாதம் வரும். அது பூச்சியைத் தள்ளி வைக்குமே ஒழியப் பூஞ்சணத்தைத் தடுக்காது. அதன் வாடை கித்தானில் ஏறினால் மலைமேல் குளிருக்காகக் கதவை மூடிப் படுக்கும் இரவில் தலைவலியாகத் திரும்பும். வேப்பிலை வைப்பதானால் நிழலில் மொரமொரவென்று காய்ந்ததையே வைக்க வேண்டும். பச்சை வேப்பிலையை வைத்துச் சுருட்டுவது, நாமே ஈரத்தை உள்ளே கொண்டுபோய் வைப்பதாகும். என் உறவினர் ஒருவர் இதைச் செய்து, இலை வைத்த இடங்களில் மட்டும் வரிசையாகக் கறை வாங்கினார்.

வருடத்துக்கு இரண்டு முறையாவது, பயணம் இல்லாவிட்டாலும், கூடாரத்தை வெளியே எடுத்துப் பிரித்துக் காற்றாட விட வேண்டும். சேலத்தில் மழை ஆவணியில் வலுத்து ஐப்பசி, கார்த்திகை வரை நீள்வதால், ஆடிக்குள் ஒருமுறையும், தை பிறந்து வெயில் நிலைத்த பிறகு ஒருமுறையும் நான் எடுக்கிறேன். பிரித்து, மோந்து பார்த்து, மடிப்புக் கோட்டை மாற்றி, மறுபடி எடை பார்த்துச் சுருட்டி வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையின் முற்பகல் போதும். பையின் கழுத்தில் கட்டிய அட்டைச் சீட்டில் தேதி, அன்றைய எடை, தைத்த இடங்கள், மாற்ற வேண்டிய கயிறு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் பரவும். என் கூடாரத்தின் சீட்டில் இப்போதுள்ள கடைசி வரி: 23 கிலோ 400 கிராம், இடப்பக்கச் சுவரின் மூன்றாவது கண்ணி மாற்ற வேண்டும்.